கோடையில் காடை முட்டை குறைகிறதா? தீவன நொதிகள் பற்றித் தெரிந்துகொள்வோம்



பனூ இஸ்ராயீல் மக்களுக்கு அல்லாஹ் இறக்கிய 'மன்னு, ஸல்வா'வில் ஸல்வா என்பது காடைதான் என்று விரிவுரையாளர்கள் பலர் கூறுகின்றனர். இன்று நம் பகுதியில் வீட்டின் பின்புறத்தில் இருநூறு காடை வளர்த்து அன்றாடச் செலவைச் சமாளிக்கும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். வட்டியில்லாக் கடன் பெற்றுக் கூண்டு வாங்கியவர்களுக்கு முட்டைதான் தவணைப் பணம். பங்குனி பிறந்ததும் முட்டை குறைந்து, ஓடு மெலிந்து, கை பட்டாலே உடையும்போது கடைக்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டுகிறார்: "இது என்சைம். தீவனத்தில் கலந்தால் சரியாகிவிடும்." வாங்கலாமா?

வெயிலில் காடைக்கு என்ன நேர்கிறது?

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. காடையின் இயல்பான உடல் வெப்பமே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். வெளியே 35 டிகிரியைத் தாண்டினால் அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்ற முடியும். அப்படி வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடுகிறது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதிலுள்ள கார்பனேட் இந்தக் கரியமில வாயுவிலிருந்துதான் கிடைக்கிறது. அது குறைந்தால் ஓடு மெலியும். காடை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் முட்டையிடும். ஆகவே ஓடு உருவாகும் கடைசி நேரமும் உச்சி வெயிலும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

இன்னொரு பக்கம், காடை தீவனம் எடுப்பதும் குறைகிறது. உடல் சூட்டைத் தணிக்க இரத்தம் தோல் பக்கம் திரும்புவதால் குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து, செரிமானமும் மந்தமாகிறது. தின்பதும் குறைவு, தின்றதிலிருந்து உடம்பில் சேர்வதும் குறைவு.

நொதி என்ன செய்யும்?

நொதி என்பது தீவனத்தைச் சிறு கூறுகளாக உடைக்க உதவும் ஒரு வகைப் புரதம். ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு.

பைட்டேஸ்: தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 'பைட்டேட்' என்ற பொருளோடு பிணைந்து கிடக்கிறது. பைட்டேஸ் அந்தப் பிணைப்பை அவிழ்த்து, அதோடு சிக்கியிருக்கும் கால்சியத்தையும் விடுவிக்கிறது.

சைலனேஸ், செல்லுலேஸ்: தவிடு போன்றவற்றின் நார்ச்சுவரை உடைத்து, உள்ளிருக்கும் மாவையும் புரதத்தையும் செரிமானத்துக்குக் கொடுக்கின்றன. எச்சத்தின் ஈரமும் குறையும்.

புரோட்டியேஸ்: புரதத்தை உடைக்கிறது.

அதாவது, குறைவாகத் தின்னும் காலத்தில் தின்றதை வீணாக்காமல் உடம்பில் சேர்ப்பதே நொதியின் பயன். அது காடையின் உடல் சூட்டைத் தணிக்காது. அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு, சூரியகாந்திப் புண்ணாக்கு சேர்ந்த தீவனத்தில் பலன் கூடுதலாகத் தெரியும். தரமான மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் கொண்ட தீவனத்தில் வித்தியாசம் சிறிதாகவே இருக்கலாம். கம்பெனித் தீவனம் வாங்குபவர்கள் முதலில் மூட்டையிலுள்ள விவரத்தைப் படியுங்கள். பலவற்றில் நொதி ஏற்கெனவே கலந்திருக்கும்; மறுபடியும் காசு கொடுக்கத் தேவையில்லை.

கலக்கும் முறை

டன்னுக்கு 500 கிராம் என்று பொட்டலத்தில் இருந்தால், 50 கிலோ மூட்டைக்கு 25 கிராம் போதும். அதை முதலில் ஒரு கிலோ தீவனத்தில் கலந்து, பிறகு ஐந்து கிலோவில் கலந்து, கடைசியில் மொத்தத்தோடு சேருங்கள். நேரடியாகக் கொட்டினால் ஒரு காடைக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்கு இல்லாமலும் போகும். நொதி புரதம் என்பதால் சூட்டில் கெட்டுவிடும். வெந்நீரில் கரைக்காதீர்கள்; பொட்டலத்தை வெயிலிலோ ஈரத்திலோ வைக்காதீர்கள்.

இது ஹலாலா?

சிலர் இதை ஹார்மோன் என்று நினைத்து அஞ்சுகிறார்கள். இது ஹார்மோனும் அல்ல, ஆன்டிபயாட்டிக்கும் அல்ல. தீவன நொதிகள் பெரும்பாலும் பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் வளர்த்து எடுக்கப்படுபவை. பொட்டலத்தில் வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் ஆலிமிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

பணம் போடுமுன் செய்ய வேண்டியவை

கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துத் தென்னங்கீற்று வேயுங்கள். கூண்டில் நெருக்கத்தைக் குறையுங்கள். குளிர்ந்த, சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வெயில் படும் குழாயில் தேங்கிச் சூடான தண்ணீரைக் காடை குடிக்காது. தீவனத்தை பஜ்ருக்குப் பின்பும் அஸருக்குப் பின்பும் இடுங்கள். முட்டையிடும் காடைத் தீவனத்தில் கால்சியம் குறைந்தது 2.5 சதவீதம் வேண்டும். அது இல்லாத தீவனத்தில் எந்த நொதியும் ஓட்டைக் கெட்டியாக்காது.

இவற்றைச் செய்த பிறகு நொதியைச் சோதித்துப் பாருங்கள். நூறு காடைக்கு நொதியோடும் நூறு காடைக்கு நொதியில்லாமலும் ஒரே தீவனத்தைக் கொடுங்கள். மூன்று, நான்கு வாரம் முட்டை எண்ணிக்கை, உடைந்தவை, மீந்த தீவனம் மூன்றையும் நோட்டில் எழுதி வாருங்கள். நாளொன்றுக்கு ஒரு காடை 30 கிராம் தின்றால், 50 கிலோ மூட்டை நூறு காடைக்குப் பதினாறு நாட்களுக்குச் சற்று மேல் வரும். அந்த நாட்களில் கூடுதலாகக் கிடைத்த முட்டையின் விலை, கலந்த நொதியின் விலையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் தொடருங்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். காடைகள் சோர்ந்து விழுந்தாலோ, தொடர்ந்து இறந்தாலோ நொதியை நம்பிக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாயில்லா உயிர்கள் விஷயத்தில் நாம் மறுமையில் கேள்வி கேட்கப்படுவோம். கூண்டில் அடைபட்ட காடை நிழலைத் தேடிப் போக முடியாது. நிழலை நாம்தான் கொடுக்க வேண்டும். அதன் சிரமத்தைக் குறைத்து, கணக்கையும் ஒழுங்காக எழுதி வந்தால், இன்ஷா அல்லாஹ், கோடையிலும் தவணை தவறாது.