மீன் தொட்டியின் கீழே ஒழுகிய ஜலம்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, கீழ்வீட்டு மூதாட்டி மெல்லப் படியேறி எங்கள் வீட்டிற்கு வந்தார். மகாராஷ்டிரப் பெண்மணி, எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும், தனியே வசிப்பவர். எங்கள் பிள்ளைகள் அவரை 'ஆஜி' என்றே அழைப்பது வழக்கம். "என் பூஜை அலமாரிக்கு மேலே கூரை ஈரமாக இருக்கிறது. வந்து பாருங்கள்" என்றார். உடன் சென்று பார்த்தேன். தாம்பாளம் அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். அதற்கு ஒரு முழம் தள்ளி மின்விசிறி தொங்கும் கொக்கி.

மும்பையில் மழைக்காலத்தில் கூரை கசிந்தால் எவரும் வியப்பதில்லை. செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடமோ நாற்பது ஆண்டு கண்டது. "வெளிச்சுவரில் விரிசல் இருக்கும். மழை விட்டதும் கவனிக்கலாம்" என்று சொஸைட்டிக் காரியதரிசி கூறிவிட்டார். எனக்கும் அது சௌகரியமான பதிலாகவே இருந்தது. ஆயின், நான்கு நாள் மழை ஓய்ந்து வெயில் அடித்த பிறகும் அவ்வட்டம் சுருங்கவில்லை, வளர்ந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. கூடத்து மீன் தொட்டிக்கு வழக்கமாக நாளொன்றுக்கு ஒரு செம்பு ஜலம் விட்டுக்கொண்டிருந்த நான், சில வாரங்களாக அரை வாளி விட்டு வந்தேன். ஆவியாகிப் போகிறதென்று எண்ணியிருந்தேன்! கொடியில் போட்ட துணியே மூன்று நாள் உலராத பருவத்தில், அத்தனை ஜலம் எப்படி ஆவியாகும் என்று யோசிக்கவில்லை.

எங்களுடையது நான்கு அடி நீளத் தொட்டி. 'சம்ப்' என்றால் நம்மவர்க்குச் சென்னை வீட்டு வாசலில் நிலத்துக்கடியில் இருக்கும் தொட்டிதான் நினைவில் எழும். மீன் வளர்ப்போர் அச்சொல்லை வேறு பொருளில் வழங்குகின்றனர். மேல்தொட்டியின் ஓரத்தில் ஒரு வழிவாய் அமைத்து, நிரம்பி வழியும் ஜலத்தைக் குழாய் வழியே கீழே ஒரு சிறிய கண்ணாடித் தொட்டியில் இறக்குகிறார்கள். அங்கே அது பஞ்சினூடும், பீங்கான் வளையங்களினூடும் சென்று தெளிகிறது. கடைசி அறையிலுள்ள பம்ப் அதை மீண்டும் மேலே ஏற்றுகிறது. அந்தக் கீழ்த்தொட்டியே சம்ப். அலமாரிக் கதவுக்குள் மறைந்திருப்பதால் பார்வைக்கு அழகு. ஒழுகினால் பல நாள் தெரியாது என்பதுதான் அதிலுள்ள சங்கடம்.

ஒழுக்கு எங்கே என்று கண்டறிவது முதல் வேலை. குழாய் மூட்டிலிருந்து வருவதும் உண்டு, வழிவாயிலிருந்து வருவதும் உண்டு. எல்லாவற்றையும் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு, ஒவ்வொரு மூலையிலும் நாளிதழ்த் துண்டு ஒன்றைச் செருகி வைத்தேன். பம்பை நிறுத்தினேன், வளையங்களுக்குக் காற்றுக் குறையாதிருக்கச் சம்பில் ஒரு காற்றுக் குழலை விட்டு, இரவு முழுவதும் அப்படியே விட்டேன். ஓட்டமே இல்லாதபோதும் பின்புற இடது மூலைக் காகிதம் ஊறிப் போயிருந்தது. ஆகவே குழாயின்மேல் குற்றமில்லை. தொட்டியின் அடி மூட்டில் கண்ணாடியை ஒட்டியிருந்த சிலிக்கோன் பசைதான் விட்டுப்போயிருந்தது.

இங்கே நான் ஒரு பிழை செய்தேன். கடைக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு, ஒரு குழல் சிலிக்கோன் வாங்கி வெளிப்புறமாகப் பூசினேன். இரண்டு நாள் ஒழுக்கு நின்றது. மூன்றாம் நாள் முன்னிலும் அதிகமாயிற்று. காரணம் எளிது. புதிய சிலிக்கோன் பழைய சிலிக்கோனின்மேல் உறுதியாய்ப் பற்றாது. அன்றியும் ஜலம் உள்ளிருந்து வெளியே தள்ளுவதால், வெளிப்பூச்சைத் தள்ளிப் பிரிப்பதே அதன் வேலையாகிவிடுகிறது. செப்பனிட வேண்டுமானால் தொட்டியைக் காலி செய்து, பழைய பசை முழுவதையும் சுரண்டி, உள்ளிருந்து பூச வேண்டும். அவ்வளவு சிரமப்படுவதைவிடப் புதுத் தொட்டியே மேல் என்று துணிந்தேன். ஆஜியின் மின்விசிறிக் கொக்கி கண் முன்னே நின்றது.

அன்றிரவே சம்பை நிறுத்திவிட்டோம். இதில் ஒரு நன்மை உண்டு: பம்ப் நின்றதும் மேல்தொட்டி ஜலம் வழிவாய் மட்டத்துக்கு இறங்கி அங்கேயே நிற்கும். மீன்களை அசைக்க வேண்டியதில்லை. ஆயினும் வடிகட்டும் பொருள்களைத்தான் கண்ணின் மணிபோல் காக்க வேண்டும். மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது அவற்றுக்கு நஞ்சு. பீங்கான் வளையங்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிதாக அக்குடியேற்றம் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆதலால் வளையங்களை வலைப்பைகளில் கட்டி, மேல்தொட்டியிலேயே காற்றுக் குழலருகே தொங்கவிடுவதாக ஏற்பாடு.

உதவிக்கு டோம்பிவிலியிலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார். நான் வாளிகளைச் சுமந்துகொண்டிருந்த நேரத்தில், "அத்தான், ஒரே சேறாக இருந்தது. ஒரு பையைப் பளிச்சென்று கழுவி வைத்துவிட்டேன்" என்று குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார். குழாய் ஜலத்தில்! நகராட்சி ஜலத்திலுள்ள குளோரின், நமக்குக் காலராவைத் தடுப்பது போலவே அந்தப் பாக்டீரியாக்களையும் தீர்த்துவிடும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. பாதிக் குடிகள் போயின.

அடுத்த சிக்கல் அலமாரி. பழைய சம்ப் 90 சென்டிமீட்டர் நீளம்; கதவு வாயின் அகலமோ 64. முதலில் சம்பை வைத்து, அதைச் சுற்றிப் பலகை அடித்து, அதற்கப்புறம் பெரிய தொட்டியை மேலே ஏற்றியிருக்கிறார்கள். மேலே இருப்பது ஏறக்குறைய 240 லிட்டர். அதாவது கண்ணாடியின் எடை நீங்கலாக 240 கிலோ. அதை யார் இறக்குவது? கடைசியில், கையுறை அணிந்து, மெல்லிய நீளக் கத்தியால் மூலைகளிலுள்ள பசையை அறுத்து, முதலில் தடுப்புகளையும் பிறகு சுவர்களையும் ஒவ்வொரு கண்ணாடியாகக் கழற்றி எடுத்தோம். மூன்று மணி நேரம் பிடித்தது. அடிப்பலகை ஊறி உப்பியிருந்தது. இரும்புச் சட்டத்தின் ஒரு காலில் துரு. மின்சார இணைப்புப் பலகை அந்த ஈரத்துக்கு நான்கு விரற்கடை உயரத்தில் இருந்ததைக் கண்டபோதுதான் உண்மையில் எனக்குக் கை நடுங்கியது.

புதுச் சம்புக்கு 60 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 38 உயரம் என்று கணக்கிட்டேன். கதவுக்குள் நுழைந்தால் போதாது. மின்சாரம் நின்றால் மேலிருந்து இறங்கும் ஜலத்தையும் அது தாங்க வேண்டும். மேல்தொட்டியின் பரப்பு 120க்கு 45. அங்கே இரண்டரை சென்டிமீட்டர் இறங்கினால் பதின்மூன்றரை லிட்டர். குழாய்களில் நிற்பதையும் சேர்த்துப் பதினைந்து என்று வைத்துக்கொள்ளலாம். சம்பில் அது ஏழு சென்டிமீட்டர் உயரும். உள்ளே வளையங்கள் இடம் பிடிப்பதால் இன்னும் சற்றுக் கூடும். ஓடும்போது ஜலமட்டம் 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் போதிய இடம் மிஞ்சுகிறது. பம்ப் ஏற்றும் குழாயின் வாய் ஜலத்துக்குள் ஆழமாக இருந்தால், பம்ப் நின்றவுடன் அதுவே ஜலத்தைக் கீழே உறிஞ்சிவிடும்; ஆகவே ஜலமட்டத்துக்குச் சற்றுக் கீழே அதில் ஒரு சிறு துளை போடச் செய்தேன். ஒருவழி வால்வை மட்டும் நம்பக்கூடாது. ஒரு நத்தை சிக்கினாலும் அது மூடாது.

குர்லாவில் தொட்டி செய்பவரிடம் ஆறு மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்யச் சொன்னோம். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலவாத சுத்தமான சிலிக்கோன் வேண்டுமென்று இருமுறை வற்புறுத்தினேன். குளியலறைக்கு விற்கும் வகை மீன்களுக்கு ஆகாது. வீட்டிற்கு வந்த தொட்டியைக் காடி வாசனை அடங்கும்வரை ஒரு வாரம் பால்கனியில் காயவிட்டு, பிறகு ஒரு பகல் ஓரிரவு ஜலம் நிரப்பிக் காகிதத்தின்மேல் நிறுத்திச் சோதித்தோம்.

அந்த வாரம்தான் கடுமையானது. மூன்றாம் நாள் சோதனைக் குப்பியில் அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டியது. தீனியை நிறுத்தினோம். சோடியம் தயோசல்பேட் கலந்து குளோரின் நீக்கிய ஜலத்தால், தினமும் கால் பங்கு மாற்றினோம். நாளுக்கு நான்கு வாளி. தொட்டியில் இருந்தவை ஆறு ஏஞ்சல் மீன்கள். என் மகன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது குர்லாவில் நாணயம் அளவில் வாங்கி வளர்த்தவை. இப்போது அவன் பத்தாவது. விற்றவர் அவற்றைச் சென்னைச் சரக்கு என்றார். கொளத்தூரில் பிறந்து, எங்களைப் போல ரயிலேறி வந்தவை போலும். ஐந்தாம் நாள் காலை அவற்றில் ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. துளசித் தொட்டி வேண்டாமென்று அவன் தாய் கூறவே, செம்பருத்தித் தொட்டியில் புதைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனான்.

எட்டாம் நாள் புதுச் சம்ப் உள்ளே ஏறியது. துருவைச் சுரண்டிச் செங்காவிப் பூச்சு அடித்து, அடிப்பலகையை மாற்றி, அதன்மேல் விளிம்புள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, தட்டுக்குள் தெர்மோகோல், அதன்மேல் தொட்டி. இனி ஒழுகினால் முதலில் தட்டில் தெரியும். இணைப்புப் பலகையை மேலே உயர்த்தினோம். ஒவ்வொரு கம்பியும் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறும்படி விட்டோம். கம்பி வழியே வழியும் துளி அவ்வளைவில் சொட்டிவிடும், மின்விசையைச் சேராது. இரண்டு வாரம் ஜலம் பால் கலந்தாற்போலிருந்து பிறகு தெளிந்தது. ஐந்து மீன்களும் இன்று நலம்.

ஆஜியின் கூரைக்கு வெள்ளையடிக்கும் செலவு என்னுடையது என்று அவரிடம் போய்ச் சொன்னேன். "மீன் செத்துப் போயிற்றாமே, பையன் சாப்பிட்டானா?" என்று கேட்டார். வெள்ளையடிப்பவர் வந்து தட்டிப் பார்த்து, உள்ளே ஈரம் காயவில்லை, தசராவுக்கு முன் பூசினால் உதிர்ந்துவிடும் என்றார். அதுவரை பூஜை அலமாரி எதிர்ச்சுவரில் இருக்கிறது. அதை நகர்த்திக் கொடுத்தவர் என் மைத்துனர்.