2 டெராபைட் எல்லையைத் தாண்டும் கன்ட்ரோலர்

கணினிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் நடுவே நின்று இரு பக்கத்துப் பேச்சையும் மாற்றிக் கொடுக்கும் சில்லுக்கு ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் என்று பெயர். சர்வர்களில் பெரும்பாலும் அது தனி கார்டாக இருக்கும். எட்டு டிஸ்க், பதினாறு டிஸ்க் என்று அதன் கீழே வரிசையாக மாட்டியிருப்பார்கள். சில்லுக்குள் ஓடும் சிறு நிரல்தான் ஃபர்ம்வேர். அது டிஸ்க்கில் இருப்பதில்லை, கார்டிலேயே உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே விண்டோஸையோ லினக்ஸையோ எத்தனை முறை புதிதாக நிறுவினாலும் அது மாறாது. அதைத் தனியாகத்தான் புதுப்பிக்க வேண்டும்.

பழைய சர்வரில் புதிய பெரிய டிஸ்க்கை மாட்டும்போது இந்தத் தேவை எழுகிறது. டிஸ்க் முழுவதும் 512 பைட் கொண்ட செக்டர்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு செக்டருக்கும் 0 முதல் ஓர் எண் தரப்படுகிறது. அந்த எண்ணுக்கு 32 பிட் மட்டும் ஒதுக்கியிருந்தால் 429 கோடியே 49 லட்சத்து 67,296 செக்டர்களுக்கு மேல் எண்ணிட முடியாது. அதை 512ஆல் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 2.2 லட்சம் கோடி பைட். இதைத்தான் 2 டெராபைட் எல்லை என்கிறார்கள்.

3 டெராபைட் டிஸ்க்கில் 586 கோடியே 5 லட்சத்து 33,168 செக்டர்கள் உண்டு. 32 பிட்டில் இந்த எண் அடங்காது. மேல் பிட் உதிர்ந்து 156 கோடியே 55 லட்சத்து 65,872 மட்டும் மிஞ்சும். 3 டெராபைட் டிஸ்க்கை வாங்கி மாட்டியவருக்குத் திரையில் 746 ஜிபி என்று தெரிவதன் காரணம் இதுதான். வேறு சில கன்ட்ரோலர்கள் 2 டெராபைட்டோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டிலும் டிஸ்க்கின் மீது பிழை இல்லை.

கொள்ளளவு குறைந்து தெரிவதைக் கண்ணால் கண்டு சுதாரித்துக்கொள்ளலாம். கொள்ளளவைச் சரியாகக் காட்டிவிட்டு, எழுதும்போது மட்டும் மேல் பிட்டை விட்டுவிடும் கோளாறுதான் கொடியது. எல்லையைத் தாண்டி எழுத வேண்டிய தகவல் சுற்றிக்கொண்டு டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழும். பார்ட்டிஷன் அட்டவணையும் கோப்பு அமைப்பின் தலைப்பகுதியும் அங்கேதான் இருக்கின்றன. டிஸ்க் பாதிக்கு மேல் நிரம்பும் நாள்வரை எந்த அறிகுறியும் தெரியாது.

இப்படிப்பட்ட எல்லை இது முதலாவது அன்று. பழைய பயாஸின் 528 மெகாபைட், பிறகு 8.4 ஜிகாபைட், 28 பிட் எண்ணால் வந்த 137 ஜிகாபைட் என்று ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் போதும் என்று கருதப்பட்டதே. 137 ஜிகாபைட் எல்லையை 48 பிட் எண் உடைத்தது. 2010இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் 3 டெராபைட் டிஸ்க்கை வெளியிட்டபோது, பழைய கணினிகளுக்காகக் கூடவே ஒரு கன்ட்ரோலர் கார்டையும் கொடுத்தது.

சாட்டா டிஸ்க் 48 பிட் எண்ணைப் புரிந்துகொள்ளும். சிக்கல் நடுவில் நிற்கும் கன்ட்ரோலரில். சர்வர் கார்டுகள் கணினியோடு ஸ்கஸி கட்டளைகளில் பேசுகின்றன. 10 பைட் நீளமுள்ள பழைய படிக்கும் கட்டளையில் முகவரிக்கு 4 பைட்தான் இடம். 16 பைட் நீளமுள்ள புதிய கட்டளையில் 8 பைட். புதுப்பித்த ஃபர்ம்வேர் கன்ட்ரோலருக்கு இந்த நீண்ட கட்டளைகளைக் கற்றுக்கொடுக்கிறது. டிஸ்க்கின் அளவைக் கேட்கும் பழைய கட்டளைக்கு 32 பிட்டிலும் 1 நிரம்பிய பதில் வந்தால், 'அளவு இதில் அடங்காது, நீண்ட கட்டளையில் கேள்' என்று பொருள்.

ஆனால் எல்லாக் கார்டையும் ஃபர்ம்வேரால் மீட்க முடியாது. எல்எஸ்ஐ நிறுவனத்தின் எஸ்ஏஎஸ்1068இ சில்லு கொண்ட கார்டுகள் 2 டெராபைட்டோடு நின்றுவிடும். அடுத்த தலைமுறையான எஸ்ஏஎஸ்2008இல் அந்தத் தடை இல்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கார்டின் பெயரை அன்று, அதன்மீதுள்ள சில்லின் எண்ணை. பழைய சில்லு என்றால் நேரத்தை வீணாக்காமல் கார்டையே மாற்றிவிடுவது நல்லது.

புதுப்பிக்கும் முன் தகவல் முழுவதையும் வேறிடத்தில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இப்போதுள்ள ஃபர்ம்வேர் பதிப்பு, ரெய்டு அமைப்பு, கார்டுக்கே உரிய எஸ்ஏஎஸ் முகவரி ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஃபிளாஷை முழுவதும் அழித்து எழுதும் முறையில் அந்த முகவரியும் அழிந்துவிடும். சர்வரை யூபிஎஸ்ஸில் மாட்டிய பிறகே தொடங்கலாம். அழித்த பின், புதியது எழுதி முடியும்வரை கணினியை மறுதொடக்கம் செய்யவே கூடாது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் கார்டு உயிரற்றுப் போகும்.

கன்ட்ரோலர் திருந்தினாலும் பார்ட்டிஷன் அட்டவணை பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் பயனில்லை. அதுவும் 32 பிட் எண்ணையே வைத்திருக்கிறது. ஜிபிடி முறைக்கு மாற வேண்டும். அந்த டிஸ்க்கிலிருந்தே விண்டோஸைத் தொடங்க வேண்டுமானால் கணினி யூஇஎஃப்ஐ வழியில் பூட் ஆக வேண்டும். சில யூஎஸ்பி பெட்டிகள் செக்டரை 4096 பைட்டாகக் காட்டி 32 பிட்டிலேயே சமாளிக்கின்றன. அப்படிப்பட்ட பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாக மாட்டிய டிஸ்க்கில் செக்டர் கணக்கு மாறுவதால் பழைய கோப்புகள் தெரியாது.

திரையில் முழு அளவு தெரிந்தால் மட்டும் போதாது. புதிய டிஸ்க் காலியாக இருக்கும்போதே 2.2 டெராபைட்டுக்கு அப்பால் உள்ள இடத்தில் சோதனைத் தகவலை எழுதி, கணினியை மறுதொடக்கம் செய்து, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். டிஸ்க்கின் முதல் செக்டர்கள் மாறாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அந்த டிஸ்க்கைப் பயன்பாட்டுக்கு விடலாம்.