டாரில் குழைஞ்சு சொன்ன அந்த ‘ஹலோ’

1991-ல வந்த ‘தெல்மா அண்ட் லூயிஸ்’னு சொன்னாலே எல்லாரும் கார் பள்ளத்தாக்குல பாயுற கடைசி சீனுக்குப் போயிடுவாங்க. எனக்கு மறக்காதது ஒரு போன் கால்.

புருஷன் டாரில்கிட்ட கேட்கப் பயந்து, சீட்டு எழுதி வச்சிட்டு, தோழி லூயிஸோட ரெண்டு நாள் ட்ரிப் கிளம்புறா தெல்மா. வழியில ஒருத்தன் அவளைப் பலாத்காரம் பண்ணப் பாக்குறான். லூயிஸ் துப்பாக்கி காட்டித் தடுக்கிறா. அப்பவும் அவன் திமிராப் பேச, சுட்டுடுறா. போலீஸுக்குப் போகலாமான்னா, ‘அவனோட நீ ஆடினதை ஊரே பாத்துச்சு, யார் நம்புவா?’ங்கிறா லூயிஸ்.

அப்புறம் ஓட்டம்தான். ஒருநாள் தெல்மா வீட்டுக்கு போன் பண்றா. அங்க போலீஸ் உட்கார்ந்திருக்கு. பாசமாப் பேசுன்னு டாரிலுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. அவனும் குழைஞ்சு ஒரு ‘ஹலோ’ சொல்றான். தெல்மா டக்குனு போனை வச்சிடுறா. அவனுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சாம்! எப்பவும் எரிஞ்சு விழுறவன் அன்பாப் பேசினா சந்தேகம் வராதா? சிரிச்சுடுவோம், ஆனா அந்தக் கல்யாணம் மொத்தமும் அந்த ஒரு ‘ஹலோ’ல இருக்கு.

அதுக்கு முன்னாடியே ஒண்ணு நடக்குது. கையில இருந்த பணம் மொத்தமும் திருடு போனதும், தைரியசாலி லூயிஸ் உடைஞ்சு உட்கார்ந்துடுறா. (திருடன் யாரு? அப்போ பெருசா யாருக்கும் தெரியாத பிராட் பிட்!) அவளை எழுப்பிக் கூட்டிட்டுப் போறது, அதுவரை எல்லாத்துக்கும் பயந்த தெல்மா.

டெக்சாஸ்ல லூயிஸுக்கு முன்னாடி என்ன ஆச்சுன்னும் தெல்மா ஊகிச்சிடுறா. அதைப் பேச மாட்டேன்னு லூயிஸ் கத்துறா. தெல்மாவும் சரின்னு விட்டுடுறா. இந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கின காலி கூரி, நமக்கும் அதைக் கடைசி வரை விளக்கல.