மேட்டில் நின்ற காடி

காடி நடுவழியில் நின்றுவிட்டால் நம்மவர்கள் முதலில் செய்வது பானட்டைத் திறந்து உள்ளே உற்றுப் பார்ப்பது. பார்த்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. நானும் சித்தப்பாவும் அதைத்தான் செய்தோம். இடம், காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவை நோக்கி ஏறும் மேடு. நேரம், இரவு ஒன்பதரை. எங்களுடையது இடுப்பு உயரம்கூட இல்லாத காடி. பின்னால் வரும் லோரி ஓட்டுநரின் கண்ணில் அது பட்டால் எங்கள் அதிர்ஷ்டம். இருவருமாகச் சாலை ஓரத்துக்குத் தள்ளி நிறுத்தினோம். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போல் இயந்திரம் ஓடத் தொடங்கியது!

அது 1990ஆம் ஆண்டின் யூனோஸ் ரோட்ஸ்டர். சிங்கப்பூர் நண்பர்கள் எம்ஆர்டி நிலையத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று உலகம் அறிந்த இரண்டு இருக்கைக் காடிக்கு ஜப்பானில் இருந்த பெயர் அது. 1989இல் அறிமுகமானது. உலகிலேயே அதிகம் விற்பனையான இரண்டு இருக்கை விளையாட்டுக் காடி என்று 2000ஆம் ஆண்டில் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. சித்தப்பாவுக்கு அதன்மேல் தீராத காதல். சித்திக்குத் தீராத கோபம்.

மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனோம். “பம்ப் சூடாகி நின்றுவிடுகிறது” என்று சொல்லி, புதிய பம்ப் மாட்டி 480 வெள்ளி வாங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து, ஏறக்குறைய அதே மேட்டில், மறுபடியும் நின்றது. இம்முறை பட்டறையில் சொன்னது, “கம்பியூட்டர் போயிருக்கும்.” சித்தப்பா என்னிடம், “போதும்டா தம்பி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுடலாம்” என்றார். எனக்கு அப்போது பருவ விடுமுறை. இயந்திரவியல் படிக்கிறேன் என்று வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருந்தவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? இரண்டு வாரம் தவணை கேட்டேன்.

முதலில் எண்ணெய் போகும் பாதையைப் பார்ப்போம். (நம் ஊர் வழக்கப்படி பெட்ரோலை எண்ணெய் என்றே எழுதுகிறேன்.) தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்ப் எண்ணெயை உறிஞ்சுகிறது. பம்பின் வாயில் ஒரு வலைப்பை இருக்கும். அது பெரிய அழுக்கைத் தடுக்கும். அடுத்து காரின் அடியில் உள்ள வடிகட்டி நுண்ணிய அழுக்கைத் தடுக்கும். பிறகு எண்ணெய் நீண்ட குழாய் வழியாக முன்னே வந்து, நான்கு சிலிண்டருக்கும் நான்கு இன்ஜெக்டர்களில் காத்து நிற்கும். கணினி சொல்லும் நேரத்தில், சொல்லும் கால அளவுக்கு மட்டும் இன்ஜெக்டர் திறந்து எண்ணெயைத் தூவும். மீதி எண்ணெய் அழுத்தச் சீராக்கி வழியாகத் தொட்டிக்கே திரும்பிவிடும்.

இந்தச் சீராக்கிதான் புரிந்துகொள்ள வேண்டிய உறுப்பு. இன்ஜெக்டரின் ஒரு பக்கம் எண்ணெய் அழுத்தம். மறுபக்கம் இயந்திரம் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறாமல் இருந்தால்தான் கணினியின் கணக்கு சரியாக வரும். அதனால் சீராக்கிக்கு ஒரு சிறு வெற்றிடக் குழாய் போகிறது. சும்மா நின்று ஓடும்போது வெற்றிடம் அதிகம். எண்ணெய் அழுத்தம் குறையும். இந்தக் காடியில் அது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 முதல் 2.6 கிலோ வரை. மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது வெற்றிடம் ஏறக்குறைய மறைந்துவிடும்; அழுத்தம் 2.7க்கு மேல் ஏற வேண்டும். ஏற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

நின்றது எண்ணெய்க் கோளாறாலா, மின்பொறிக் கோளாறாலா? ஓட்டுநரே பாதி கண்டுபிடித்துவிடலாம். மின்பொறி அறுந்தால் விளக்கை அணைத்தாற்போல் பட்டென்று நிற்கும். எண்ணெய் குறைந்தால் காடி முதலில் இழுவை இழக்கும், குலுங்கும், மிதிக்க மிதிக்க இன்னும் மோசமாகும், பிறகு அணையும். எங்களுடையது இரண்டாவது வகை. அரை கிலோமீட்டர் முன்பே அது முனக ஆரம்பித்திருந்தது. சித்தப்பா வானொலியின் ஒலியைக் கூட்டிவிட்டார்.

இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். இந்த 1.6 லிட்டர் இயந்திரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. காற்று எவ்வளவு வருகிறது என்று அளக்கும் பெட்டியில் ஒரு மடல் இருக்கிறது. காற்று அதைத் தள்ளித் திறந்தால்தான் பம்புக்கு மின்சாரம் போகும். விபத்தில் இயந்திரம் நின்றுவிட்டால் பம்பும் தானாக நிற்கட்டும் என்ற நல்லெண்ணம். அந்த மடலில் உள்ள சுவிட்ச் பழுதானால் பம்ப் நின்றுவிடும். ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் அந்தப் பெட்டியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் யோசித்திருந்தால் போதும். சாவியை முழுதாகத் திருப்பிப் பிடிக்கும்போது பம்புக்கு வேறு வழியில் மின்சாரம் போகும். சாவியை விட்டதும்தான் மடலின் வேலை தொடங்கும். ஆகவே அந்த சுவிட்ச் பழுதான காடி, கிளம்பியதும் உடனே அணையும். நாற்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு மேட்டில் மட்டும் நிற்காது. அறிகுறியைப் பார்க்காமல், படித்ததைக் காடியில் தேடினேன். தேர்வில் இப்படித்தான் கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதுவோம்.

மூன்றாம் நாள் ஒழுங்காகத் தொடங்கினேன். இயந்திர அறையில் சோதனைக்கென்று சிறு கறுப்புப் பெட்டி ஒன்று உண்டு. சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, அதில் ‘எஃப்பி’, ‘ஜிஎன்டி’ என்று குறித்த இரண்டு துளைகளைக் கம்பியால் இணைத்தால், இயந்திரம் ஓடாமலே பம்ப் ஓடும். காதை வைத்துக் கேட்டேன். சீரான ரீங்காரம். பம்பின் இணைப்பில் மின்னழுத்தம் அளந்தேன். பேட்டரியைவிடச் சற்றே குறைவு, பரவாயில்லை. ஒரு நீண்ட திருப்புளியை இன்ஜெக்டர்மேல் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டினால் ‘டிக் டிக்’ என்று கேட்க வேண்டும். நான்கிலும் கேட்டது. சீராக்கியின் வெற்றிடக் குழாயைப் பிடுங்கி முகர்ந்தேன். அதற்குள் எண்ணெய் ஈரம் இருந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள். உலர்ந்தே இருந்தது.

அழுத்தமானியைப் பொருத்துவதற்குமுன் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாராவது அப்படியே குழாயைப் பிடுங்கினால் முகத்தில் எண்ணெய் பீய்ச்சும். இயந்திரம் அணைந்த பின்னும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். முதலில் இயந்திரத்தை ஓடவிட்டு, பம்பின் மின் இணைப்பைக் கழற்றி, தானாக அணையும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்ப் பக்கத்து அறையில் எரியும் அடுப்பைக்கூடத் தேடிப் பிடிக்கும். அதனால் திறந்தவெளியில்தான் வேலை. அருகில் உலர்தூள் தீயணைப்பான். தண்ணீர் உதவாது, எரியும் எண்ணெய் அதன்மேல் மிதந்து பரவும்.

மானியைப் பொருத்தினேன். நின்று ஓடும்போது 2.4. பாடநூல் போல இருந்தது! பட்டறைக்காரரும் இதைப் பார்த்துத்தான் “பம்ப் நல்லா இருக்கு, கம்பியூட்டர்தான்” என்றிருப்பார். ஆனால் நோய் மேட்டில் வருகிறதே, வீட்டு வாசலில் இல்லையே! நின்று ஓடும் இயந்திரத்துக்குத் தேவை சொட்டுச் சொட்டாகத்தான். அடைபட்ட குழாயில்கூட அந்த அளவுக்கு எண்ணெய் வந்து, அழுத்தம் சரியாகவே காட்டும். தண்ணீர்க் குழாயை யாரோ பாதி மூடியிருந்தாலும், ஒரு குவளை பிடிக்கும்வரை நமக்குத் தெரியாது. குளிக்கப் போனால்தான் தெரியும்.

மானியின் நீண்ட குழாயைப் பானட்டின் ஓரமாக வெளியே எடுத்து, மானியைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டுநாடாவால் கட்டினேன். கசிவு உண்டா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பகலில், சித்தப்பா ஓட்ட, நான் மானியைப் பார்க்க, மீண்டும் காராக் சாலை. சமதரையில் 2.5. கொம்பாக் டோல் சாவடி தாண்டி ஏறத் தொடங்கியதும் 2.8க்கு ஏறியது. நல்ல பிள்ளை. இரண்டு நிமிடம் கழித்து 2.5. பிறகு 2.1. சித்தப்பா இன்னும் மிதித்தார். 1.6. காடி குலுங்கத் தொடங்கியது. ஏற வேண்டிய முள் இறங்கிக்கொண்டிருந்தது. அவசர விளக்கைப் போட்டு ஓரம் கட்டினோம். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. காடி நின்றதற்கு மகிழ்ந்தவன் அந்தச் சாலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கணினி குற்றவாளி இல்லை என்பது உறுதியாயிற்று. கணினி இன்ஜெக்டரைத் திறக்கும் நேரத்தைத்தான் ஆள்கிறது, அழுத்தத்தை அல்ல. பம்ப் புதியது, மின்சாரம் சரி. எனவே எங்கோ அடைப்பு. முதலில் மலிவானது: வடிகட்டி. பின்சக்கரத்துக்கு அருகே பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும் அதைக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்தேன். காப்பித்தூள் கலந்தாற்போல் பழுப்பு எண்ணெய் கொட்டியது. துரு! புதியது மாட்டியதும் காடி இன்னும் கொஞ்ச தூரம் ஏறியது, பிறகு நின்றது. ஆக, துரு எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் போக வேண்டும்.

இருக்கைகளுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் ஓர் உலோக மூடி. அதன்கீழ் தொட்டியின் வாய். பம்பை வெளியே தூக்கியதும் எல்லாம் விளங்கிற்று. பட்டறையில் பம்பைப் புதிதாகப் போட்டவர்கள் பழைய வலைப்பையையே மாட்டியிருந்தார்கள். அது முழுக்கத் துருப்பசை. பம்ப் பலமாக உறிஞ்ச உறிஞ்சத் துரு வலையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும். நின்றதும் உறிஞ்சல் இல்லை. துரு மெல்ல உதிர்ந்து கீழே படியும். அதுதான் அந்தப் பத்து நிமிட மர்மம்.

அதைவிட என்னை உறைய வைத்தது வேறொன்று. பம்பிலிருந்து மேலே போகும் அரைச்சாண் ரப்பர் குழாய் ஊறி, பெருத்து, பிசுபிசுத்துப் போயிருந்தது. தொட்டிக்குள் மூழ்கும் குழாய்க்கு உள்ளும் புறமும் எண்ணெய் தாங்கும் தனி ரகம் வேண்டும். சாதாரண எண்ணெய்க் குழாய் உள்பக்கம் மட்டுமே தாங்கும். நல்லவேளை, இது தொட்டிக்குள் இருந்தது. பிய்த்துக்கொண்டாலும் காடி நிற்கும், அவ்வளவுதான். இதே அலட்சியத்தை இயந்திரத்தின் பக்கம், சூடான புகைபோக்கிக்கு மேலே செய்திருந்தால்? மறுநாள் முன்பக்கக் குழாய்களையும் பிடிகளையும் ஒன்றுவிடாமல் மாற்றினேன். சித்தப்பா செலவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொட்டியில் ஏன் துரு? சித்தப்பாவே காரணம். அதற்கு முன் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, கால் தொட்டி எண்ணெயோடு காடியைப் போர்த்தி நிறுத்தியிருந்தார். நம் ஊர் ஈரக்காற்று இரவில் குளிரும்போது வெற்றுத் தொட்டியின் சுவரில் வியர்க்கும். அந்த நீர் எண்ணெய்க்கு அடியில் தங்கி இரும்பைத் தின்னும். ஓட்டாமல் வைப்பதானால் தொட்டியை நிரப்பி வைப்பது நல்லது. விலை உயர்ந்த ரோன்97 ஊற்றினால் அழுக்கு போய்விடும் என்று அண்டைவீட்டு அங்கிள் சொன்னார். ரோன் எண் என்பது எண்ணெய் முன்கூட்டி வெடிக்காமல் தாங்கும் திறன். துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தொட்டியை இறக்கிக் கழுவி உலர்த்த மூன்று நாளானது. புதிய வலைப்பை, புதிய குழாய், மறுபடியும் ஒரு புதிய வடிகட்டி. மானியை ஒட்டிக்கொண்டு கிளம்பினோம். கெந்திங் செம்பா உச்சிவரை முள் 2.9ஐ விட்டு அசையவில்லை. அப்படியே இறங்கிப் பெந்தோங் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

ஒரே ஒரு குறை. அன்று முதல் எண்ணெய் அளவுமானி எப்போதும் அரைத் தொட்டியையே காட்டுகிறது. பம்பைத் தூக்கும்போது அதோடு வரும் மிதவைத் தண்டை நான்தான் வளைத்திருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.