இரண்டு சொட்டும் ஒரு விரல் மையும்

சிகாகோ நகரில் 1905 பிப்ரவரி 23 அன்று பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் நண்பர் மூவரோடு கூடித் தொடங்கியதும், அங்கத்தினரின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழன்று கூடியதால் பெயர் பெற்றதுமான ரோட்டரிச் சங்கத்தை, வாரந்தோறும் விருந்துண்டு கலையும் கனவான்களின் கூட்டம் என்று கருதுவோர் இன்றும் உளர். அச்சங்கமே 1979இல் பிலிப்பைன்ஸ் தேசத்தில் 60 லட்சம் குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதத் தடுப்புமருந்து அளிக்க முன்வந்து, 1985இல் ‘போலியோ பிளஸ்’ என்ற பெயரால் அப்பணியை உலகம் முழுவதற்கும் விரித்தது. 1988இல் உலக சுகாதாரப் பேரவை இவ்வியாதியை ஒழிப்பதெனத் தீர்மானித்தபோது, ஆண்டுதோறும் சுமார் 3,50,000 பேர் அதனால் முடமாகி வந்தனர்.

இவ்வியாதியின் கிருமி வாய்வழி புகுந்து, குடலில் பெருகி, மலத்தோடு வெளியேறி, அசுத்தமான நீரால் பிறரை அடைவது. தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவரே கால் விளங்காமற் போகிறார் என்பதால், ஒரு குழந்தை நொண்டத் தொடங்கும் முன்னரே ஊரெங்கும் அது பரவியிருக்கும். ஆகவே ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுப்பதே உபாயம் என வற்புறுத்தியவர்களுள் வேலூர் டாக்டர் ஜேக்கப் ஜான் முக்கியமானவர்.

இதற்குப் பணம் கொடுப்பது பெரிய தர்மந்தான். ரோட்டரி அளித்தது 200 கோடி டாலருக்கும் அதிகம். ஆனால் என் மனத்தை உருக்குவது தெருமுனையில் நடக்கும் சிறு காரியமே. பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்துக் குப்பியின் மேலுள்ள வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெளுப்பாகவே இருக்கிறதா, வெப்பத்தால் கறுத்துவிட்டதா என்று உற்றுப் பார்த்து, அழும் பிள்ளையின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டுவிரல் நகத்தில் மை தீட்டுகிறார்கள். மறுநாள், வராத பிள்ளையைத் தேடி வீடு வீடாக ஏறி, மை இல்லாத விரலைக் கண்டால் மீண்டும் பெட்டியைத் திறக்கிறார்கள். இப்படி அரசாங்க ஊழியரோடு சங்கத்தாரும் வருஷக்கணக்கில் சலியாது அலைந்ததன் பலனாகவே, 2011 ஜனவரி 13 அன்று ஹௌரா மாவட்டத்துப் பெண் குழந்தையோடு இந்தியாவில் அந்த இயற்கைக் கிருமியின் கொடுமை நின்றது. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரமே விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது.

எனினும் ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானத்திலும் அக்கிருமி இன்னும் உலவுகிறது. பிரயாணிகளோடு அது எல்லை கடந்து வரலாமென்பதனால், முடமான குழந்தை ஒன்றுகூடக் காணப்படாத நம் ஊர்களிலும் பனிக்கட்டிப் பெட்டி இன்னும் தெருமுனைக்கு வருகிறது.