ஏடும் துணியும்

கையெழுத்துச் சஞ்சிகை நடத்தாத தமிழ்ப் பாடசாலை முன்னாளில் அரிது. மாணவர் மன்றச் செயலாளன் நல்ல கையெழுத்துடையவனைத் தேடிப் பிடிப்பான். ஓவியம் வல்லவன் முகப்பிலே சரசுவதியையோ தாமரையையோ தீட்டுவான். ஒரே ஒரு படி எழுதப்பெற்று வாசிகசாலை மேசையில் வைக்கப்படும். கணினி வந்தபின் அவ்வழக்கம் தேய்ந்தது. அதற்கு மீண்டும் உயிரூட்டக் கருதி, மாத்தளை மாவட்டத்துப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கும் நான் சென்ற ஆண்டு ஒரு சிறு முயற்சி செய்தேன். மாணவர் ஒவ்வொருவரும் தாமே தைத்து, தாமே ஒட்டி, எழுத்தும் சித்திரமும் சேர்த்துத் தமக்கென ஓர் ஏடு ஆக்குதல் வேண்டும். தாளும் துணியும் கலந்த ஏடு. அம்முயற்சியில் நான் இழைத்த பிழையொன்றையும் மறையாது சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

ஏடு என்பது யாதென முதலில் கண்ணாற் காணட்டும் என்று மாணவரை அலுவிகாரைக்கு அழைத்துச் சென்றேன். மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியில், இரண்டு கல் தொலைவில், பெரும்பாறைகள் ஒன்றன்மீதொன்று சாய்ந்து நிற்கும் இடம் அது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபயன் காலத்தில், பௌத்தரின் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது. எழுதிய இடம் அலுவிகாரை எனப் பிற்கால நூல்களும் நாட்டு வழக்கும் கூறும். அதுவரை அந்நூல் துறவியர் நாவில் வாழ்ந்தது. பஞ்சமும் படையெடுப்பும் அடுத்தடுத்து வந்தன. ஓதுவோர் மாண்டால் நூலும் மாளும் என்ற அச்சமே எழுத்தாணியை எடுப்பித்தது. எழுதியும் என்ன? 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது விகாரையும் அங்கிருந்த ஏடுகளும் அழிவுற்றன. ஓலைக்கும் தீக்கும் உள்ள பகை பழையது.

இன்றும் அங்கே வருவோர்க்கு ஏடெழுதும் முறையைச் செய்து காட்டுகின்றனர். தாளிப்பனையின் விரியாத குருத்தோலையை எடுத்து, ஈர்க்கு நீக்கி, நீரில் வேகவைத்து, வெயிலிலும் பனியிலும் உலர்த்தி, உருண்டையான மரத்தண்டின்மேல் முன்னும் பின்னுமாக இழுத்து மெருகேற்றுவர். எழுத்தாணியாற் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குப் புலப்படாது. கரியும் மர எண்ணெயும் குழைத்த மையைப் பூசி, மாவிட்டுத் துடைத்த பின்னரே வெளிப்படும். வெற்றோலையென எண்ணியிருந்த மாணவர், அதில் எழுத்துக் கிளம்பியபோது ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தனர். தாளிப்பனை தன் வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்துப் பட்டுப்போவது. அதனைச் சொன்னபோது ஒரு மாணவி, “அப்ப மரத்துக்கும் ஒரே ஒரு புத்தகந்தானா, சேர்?” என்றாள். அவள் கணக்குச் சரியன்று; ஆயினும் திருத்த மனம் வரவில்லை.

நம் சுவடிக்கும் இதற்கும் உறவு நெருங்கியது. ஓலையில் இரு துளை. ஒன்றில் நாராசம், மற்றதிற் கயிறு. கயிற்றின் நுனியிலே கிளிமூக்கு. மேலும் கீழும் மரச்சட்டம். எல்லாவற்றையும் பொதிந்து கட்ட ஒரு துணி. துணியைப் பற்றி நம் புலவர் எவரும் விரித்துரைத்ததை நான் கண்டிலேன். ஏட்டை எழுதினான் பெயர் ஈற்றில் இருக்கும். துணியைக் கிழித்துக் கொடுத்தாள் பெயர் எங்கும் இராது. சி. வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையிலே தொட்டால் நொறுங்கும் ஏடுகளை எண்ணி எவ்வளவு வருந்தினார் என்பதை ஆசிரியர் அறிவர். அவர் கைக்கு அத்துணை ஏடுகளேனும் எட்டும்வரை புழுதியைத் தடுத்துவைத்ததில் அப்பழந்துணிகளுக்கும் பங்குண்டு.

துணிக்கென அலுவிகாரையில் வேறொரு வரலாறும் உளது. இலங்கையில் பற்றிக் கலைக்கு 1960களில் புத்துயிர் ஊட்டியவர்களுள் முதன்மையானவர் ஈனா த சில்வா அம்மையார். 1922இல் பிறந்து 2015இல் மறைந்தவர். இலங்கையரான முதற் பொலிஸ் மா அதிபர் சேர் றிச்சர்ட் அலுவிகாரையின் மகள். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் உட்கூரைக்குத் தீட்டிய பற்றிக் துணிகள் அவர் பெயரைப் பரப்பின. பிற்காலத்தில் தம் முன்னோர் ஊராகிய அலுவிகாரையிலே தங்கி, கிராமத்துப் பெண்களைக் கொண்டு பற்றிக்கும் தையற் சித்திரமும் செய்வித்தார். பற்றிக் என்பது ஒருவகையில் ஏடெழுதுவதன் மறுதலை. எழுத்தாணி கீறிய இடத்திலே மை தங்கும். மெழுகு எழுதிய இடத்திலே சாயம் தங்காது. இந்த ஒற்றுமை வேற்றுமையை விளக்கியபோது ஒன்பதாம் வகுப்பினர் கொட்டாவி விட்டனர். மெழுகு தோய்ந்த வெட்டுத்துண்டுகளைக் கண்டதும் விழித்துக்கொண்டனர்.

இனி எங்கள் வேலைக்கு வருவோம். நான்கு தாளை ஒருசேர மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம். இது ஒரு மடி. இத்தகைய ஐந்து மடிகளைக் கோணூசியால் துளைத்து, மெழுகு பூசிய நூலால் தைத்தோம். பழைய நாட்காட்டி, மடிதாள், தேயிலைப் பொதியின் உறை, கேகாலைப் பக்கத்தில் யானைச் சாணத்தினின்றும் செய்யும் முரட்டுத் தாள் ஆகியவை இதழ்களாயின. அவற்றிடையே துணி: தாயின் வாயில் புடைவை, பற்றிக் துண்டு, கொழுந்தெடுப்போர் இடுப்பிற் கட்டும் படங்கின் கிழிசல். துணியை மொட்டையாகத் தைத்தால் வளையும். கஞ்சியில் தோய்த்து நிழலில் உலர்த்தினால் தாள்போல் நிற்கும், மையும் அதிகம் பரவாது.

பசை கோதுமைமாக் கூழ். அரிக்கும் பூச்சிக்காகச் சிறிது துரிசு சேர்ப்பது பழைய கட்டுநர் வழக்கம். துரிசு நஞ்சாதலின் அதனை நானே கலந்தேன். ஒட்டுப் பசை கடையிற் புட்டியாகக் கிடைக்கையில் கூழ் எதற்கு என மாணவர் முணுமுணுத்தனர். செலவு குறைவு என்றேன். அதைவிடச் சிறந்த காரணம் பின்னரே எனக்கு விளங்கியது.

முதல் தொகுதி முற்றும் கெட்டது. ஒருபுறம் துணி ஒட்டிய அட்டை அப்பளம்போல் நெளிந்தது. ஈரத்தில் விரிந்த துணி உலர்கையிற் சுருங்கி அட்டையை இழுக்கும். உட்புறமும் ஒரு தாள் ஒட்டினால் இழுவை சமமாகும் என்பதை அனுபவம் கற்பித்தது. இதழ்களிற் பொருள்களை ஒட்ட ஒட்ட ஏட்டின் வாய் பிளந்தது. தைக்கும்போதே முதுகில் விரல் அகலத் துண்டுத்தாள்களை இடையிட்டுச் சரிசெய்தோம். பாரமாக என் பேரகராதியை வைத்தோம். மாணவர் அதனைத் தொட்ட நாள்கள் அவையே.

ஏட்டில் எழுதுவது என்ன? “உங்கள் குடும்பத்தை எழுதுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய தாள்களைக் கொண்டுவந்து ஒட்டுங்கள்” என்றேன். பிழை இங்கேதான் நிகழ்ந்தது.

என் மாணவரிற் பெரும்பாலார் இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வருவோர். அவர்தம் முன்னோர் மன்னாரிலிறங்கிக் காடு கடந்து மாத்தளை வழியே மலையேறியவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1949இன் சட்டப்படி விண்ணப்பித்தோர் வதிவையும் வருவாயையும் தாளாலே மெய்ப்பித்தல் வேண்டும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இருநாடும் பாதி பாதியாக்கிக்கொண்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே இவ்வழக்கு ஒருவாறு முடிந்தது. அரைநூற்றாண்டுக்கு மேலாக ஒரு மக்கட் கூட்டம் பழைய தாள்களைத் தகரப்பெட்டியில் உயிர்போற் காத்தது. இதனை வகுப்பில் ஆண்டுதோறும் கற்பிக்கும் நான், “பழைய தாள்” என்று வாய் தவறிச் சொன்னேன்.

பத்தாம் வகுப்பு மாணவனொருவன் தன் ஏட்டை மகிழ்ந்து நீட்டினான். படங்குத் துணிப் பக்கமொன்றில், ஆங்கிலத்தில் அச்சிட்ட பத்திரமொன்று இரு துண்டாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஊதா முத்திரை. பாட்டியின் தந்தை பெற்ற பிரசாவுரிமைப் பதிவுப் பத்திரம்; மனைவி மக்கள் பெயரும் அதில் இருந்தன. படி அன்று, மூலம். பக்கத்தில் அடங்காமையால் வெட்டினானாம்.

என் கை நடுங்கியது. 1983 ஆடியில் மாத்தளையில் எரிந்த தமிழர் கடைகளுள் என் தந்தையாரின் சிறு கடையும் ஒன்று. சிவப்புத் துணி கட்டிய அவருடைய நீண்ட கணக்கேடும் அன்று போயிற்று. கடனாளிகள் பெயருக்குப் பின்னே, கடைசிப் பக்கங்களில், தம் தகப்பனார் சொன்ன கதைகளை அவர் எழுதிவைத்திருந்தார். அவற்றை நான் படித்ததில்லை; அப்போது நான் சிறுவன். தீயிட்டவரை நோவலாம், இப்பத்திரத்துக்கு எவரை நோவது?

அன்று மாலை அவனை இருத்தி வேலையைத் தொடங்கினேன். தாளை இழுக்கலாகாது, துணியையே உரிக்க வேண்டும். ஏட்டினின்றும் அப்பக்கத்தை அறுத்தெடுத்து, பத்திரம் கீழ்நோக்கக் கவிழ்த்து, துணியின் முதுகில் நனைத்துப் பிழிந்த சீலையை விரித்தோம். அரைமணி நேரத்தில் கூழ் இளகியது. புட்டிப் பசையாயின் அது நடந்திராது. துணி நூல் நூலாகக் கழன்று வந்தது. முத்திரையின் விளிம்பு சற்றே கசிந்தது, எழுத்துகள் பிழைத்தன. இரு துண்டையும் பொருத்தி, பின்புறம் சப்பாத்துப் பெட்டியில் வரும் மெல்லிய தாளை நீர்த்த கூழாலே ஒட்டி, அகராதியின் கீழ் இட்டேன். அவன் ஒரு சொல்லும் பேசவில்லை.

மறுநாள் பாட்டியே வந்தார். எழுபதைக் கடந்தவர். மன்னிப்புக் கேட்டேன். இதனால் அலுவலகங்களில் இடர் நேருமோ என்றும் கேட்டேன்.

“எனக்கு அடையாள அட்டை இருக்குங்க ஐயா. அதுக்கு இல்ல. எங்கப்பா பேரு வேற எந்தக் கடுதாசியிலயும் கெடையாதுங்க. படம்கூட இல்ல. இதுல மட்டுந்தான் அவரு இருக்காரு” என்றார்.

ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் நெடுநேரம் தடவிப் பார்த்தார். பேரனை ஏசுவார் என எதிர்பார்த்தேன்; அவர் அவன் ஏட்டைக் கேட்டு வாங்கி, அறுத்த இடத்தைக் காட்டி, “இதுல என்னத்த வைக்கப் போற?” என்றார். அவன் படி ஒன்று எடுத்து ஒட்டுவதாகச் சொன்னான். “ஒட்டாத. என் சீலையில ஒரு பை தச்சு வை. வேணும்னா எடுக்கலாம், பாக்கலாம், திரும்ப வைக்கலாம்” என்றார். மூலத்தை முந்தானையிற் சுற்றி எடுத்துச் சென்றார்.

அவ்வாறே பை தைத்தான். படியின் பின்புறத்தில், பாட்டி சொல்லச் சொல்லக் கொள்ளுப்பாட்டனின் வரலாற்றை இரு பக்கம் எழுதினான். ஒற்றுப்பிழை மலிந்த தமிழ்தான். சிவப்பு மையைத் தொட்டேன் அல்லேன். வாசிகசாலை மேசையில் இப்போது இருபத்திரண்டு ஏடுகள் உள்ளன. இவ்வாண்டு வகுப்புக்கு இன்னும் கோணூசி வாங்க வேண்டும். படி எடுக்கும் பணத்தையும் பாடசாலையே ஏற்பதென அதிபர் இசைந்துள்ளார்.