சுண்ணாம்புக்கு ஏது காலாவதி?

வீட்டில் இருக்கும் கால்சியம் மாத்திரையின் லேபிளைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்றுதான் இருக்கும். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் நிறைந்திருப்பதும் அதே சேர்மம்தான். டைனோசர்கள் நடமாடிய காலத்தில் கடலடியில் படிந்தது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் கெடவில்லை. டப்பாவில் அடைத்ததும் அதற்கு இரண்டு மூன்று ஆண்டில் காலாவதி என்கிறார்கள்.

கல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. கால்சியம், இரும்பு, துத்தநாகமெல்லாம் தனிமங்கள். எத்தனை ஆண்டு கிடந்தாலும் இரும்பு இரும்புதான். மாறுவது மாத்திரையின் உடம்பு. ஈரத்தைக் குடித்து உப்பும், உதிரும். சிலசமயம் இறுகிப்போய் வயிற்றில் கரைய மறுக்கும். கால்சியத்தோடு சேர்த்திருக்கும் வைட்டமின் டி3-யும் மெல்லத் தேயும்.

அப்படியானால் அந்தத் தேதி எதைச் சொல்கிறது? மூடி திறக்காமல், சொன்ன இடத்தில் வைத்திருந்தால், அதுவரை லேபிளில் எழுதிய அளவு உள்ளே இருக்கும் என்று தயாரிப்பாளர் தரும் வாக்கு அது. மறுநாள் காலை மாத்திரை விஷமாகிவிடும் என்பதல்ல. வைட்டமின்கள் தேயும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் சில வைட்டமின்களை லேபிளில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகவே போட்டுவிடுவார்கள்.

தேய்மானத்தில் வைட்டமின் சி-யின் கதை சுவாரசியமானது. ஆக்சிஜன் பட்டால் முதலில் அது டிஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலமாக மாறும். அதையும் நம் உடல் திருப்பி வைட்டமின் சி ஆக்கிக்கொள்ளும். ஆனால் அந்த அமிலத்தின் வளையம் ஈரத்தில் உடைந்துவிட்டால் பிறகு மீட்சியில்லை. வெள்ளை மாத்திரையில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? சிதைவு நடந்துகொண்டிருக்கிறது. மல்டி வைட்டமின் மாத்திரையில் நிலைமை இன்னும் மோசம். இரும்பும் செம்பும் வைட்டமின் சி-யின் சிதைவைத் துரிதப்படுத்துபவை. அவற்றையே பக்கத்தில் குடிவைத்திருக்கிறோம். மூடிக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஈரம் வராதவரைதான் அந்தக் குடித்தனத்தில் சண்டையில்லை.

2006-இல் நாசா மல்டி வைட்டமின் மாத்திரைகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி, அதே வகை மாத்திரைகளைத் தரையிலும் வைத்துக்கொண்டது. கதிர்வீச்சு வைட்டமின்களைச் சிதைக்குமோ என்ற சந்தேகம். மேலே போனவற்றில் சில 880 நாள் இருந்துவிட்டுத் திரும்பின. சில வைட்டமின்கள் குறைந்துதான் இருந்தன. தரையில் இருந்த மாத்திரைகளிலும் அப்படியே! தேய்த்தது விண்வெளியல்ல, காலம்.

காலத்தை விரட்டுவது வெப்பம். பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. நம்மில் பலர் மாத்திரை வைக்கும் இடம் ஃபிரிட்ஜின் தலை. உள்ளே குளிர், மேலே சூடு. சித்திரை வெயிலில் அங்கே கிடக்கும் டப்பாவுக்கு அச்சடித்த தேதி பொருந்தாது.

உண்மையிலேயே கெட்டுப்போவது மீன் எண்ணெய். ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் இ.பி.ஏ-வுக்கு ஐந்து, டி.எச்.ஏ-வுக்கு ஆறு இரட்டைப் பிணைப்புகள். ஆக்சிஜன் நுழைய அத்தனை வாசல்கள். ஒரு மூலக்கூறு சிதைந்தால் பக்கத்து மூலக்கூறையும் இழுத்துவிடும்; கடைசியில் ஆல்டிஹைடுகள் மிஞ்சும். கேப்ஸ்யூலை வெட்டி முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தால், தேதி பாக்கியிருந்தாலும் குப்பைக்குத்தான். வாசனை சேர்த்த கேப்ஸ்யூலில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது. புரோபயாடிக் வேறு ரகம். உள்ளே இருப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள், நாளாக ஆகச் செத்துக்கொண்டே வரும். செத்தவற்றை விழுங்கினால் பெரும்பாலும் ஆபத்தில்லை, காசுதான் வீண்.

சத்து குறைவதே ஆபத்தாகும் இடமும் உண்டு. கருவின் நரம்புக்குழல் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். வெளிச்சத்திலும் ஈரத்திலும் அதுவும் சிதையும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் பழைய அட்டையை நம்பக் கூடாது. புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

இரும்பு மாத்திரைக்கு நேர் எதிரான சிக்கல். அது தேயவே தேயாது. காலாவதியானதுதானே என்று அலமாரியில் விட்டுவைத்த அட்டையில் இரும்பு முழுதாக இருக்கும்; சிவப்பும் நீலமுமாக மிட்டாய்போல் மின்னும் மாத்திரையைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வயிற்றின் உட்சுவர் புண்ணாகும், கல்லீரல் பழுதாகும், உயிரே போகலாம். அமெரிக்காவில் பல குழந்தைகள் அப்படி இறந்த பிறகு, 1997-இல் இரும்பு உள்ள மாத்திரைகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கப்பட்டது. அந்த எச்சரிக்கைக்குக் காலாவதித் தேதி கிடையாது.